ஜப்பானிய ஆபீஸில் மேலதிகாரியிடம் பேசுவது எப்படி: புதிதாகச் சேர்பவர்களுக்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனியில் வேலை கிடைத்தவர்களும், டோக்கியோவுக்கு விசா வந்து பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை பாஸ் பண்ணிட்டேன், ஆபீஸில் சமாளிச்சிடலாமா?" இலக்கணத்துக்கு அது போதும். ஆனால் முதல் வாரத்தில் உங்களை எடைபோடுவது இலக்கணத்தை வைத்து அல்ல. காலையில் எப்படி உள்ளே வருகிறீர்கள், வேலை கொடுத்தால் என்ன சொல்லி வாங்கிக்கொள்கிறீர்கள், சாயங்காலம் எப்படிக் கிளம்புகிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் போதும். எதை யாரிடம் சொல்வது என்பதுதான் முக்கியம்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே 'தெஸ்' என்று எழுதும்போது, 'தெய்வம்' என்பதில் வரும் தெ. 'கொஸாய்மஸ்' என்பதில் 'கோவிந்தன்' என்று சொல்லும்போது வரும் க ஒலி. மற்றவற்றை யூடியூபில் ஒருமுறை காதால் கேட்டுவிடுங்கள்.

படி 1: காலை வணக்கம்

மேலதிகாரிக்கு எப்போதும் முழு வாக்கியம்: "ஒஹாயோ கொஸாய்மஸ்." வெறும் "ஒஹாயோ" என்பது கூட வேலை பார்க்கும் நண்பருக்கு. அவர் தலைநிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே முந்திக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் வேலை நடக்கும் இடங்களில் சாயங்காலம் டியூட்டிக்கு வருபவரும் இதையே சொல்வார். குழம்ப வேண்டாம்.

அதன்பிறகு நாள் முழுக்க, நடைபாதையில் எதிர்ப்பட்டாலும் லிஃப்டில் பார்த்தாலும், "ஒத்ஸுகரேஸமா தெஸ்." 'களைப்பாக இருப்பீர்கள், உழைத்திருக்கிறீர்கள்' என்பது அதன் உள்ளர்த்தம். நம் ஊரில் "சாப்டீங்களா?" எப்படியோ அப்படி இது. பதிலை எதிர்பார்த்துச் சொல்வதில்லை, உன்னைக் கவனித்தேன் என்று தெரிவிப்பது.

இதோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இன்னொரு சொல் உண்டு, 'கொகுரோஸமா'. அர்த்தம் ஏறக்குறைய அதேதான், ஆனால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்வது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், கிளையண்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய எங்கள் பிரிவுத் தலைவரைப் பார்த்து எழுந்து நின்று, குனிந்து, "கொகுரோஸமா தெஷ்தா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒரு சின்ன ஒட்டுத்தாளில் இரண்டு சொற்களையும் எழுதி, ஒன்றுக்கு மேல்நோக்கிய அம்பும் மற்றதற்குக் கீழ்நோக்கிய அம்பும் போட்டு, சத்தமில்லாமல் என் கீபோர்டு மேல் ஒட்டிவிட்டுப் போனார். யார் முன்னாலும் திருத்தவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை. மேலே இருப்பவருக்கு ஒத்ஸுகரேஸமா மட்டும்தான். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 2: வேலையை வாங்கிக்கொள்வது

மேலதிகாரி ஒரு வேலை சொன்னால் "ஹாய்", அதாவது 'சரி', என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "ஹாய், ஷோச்சி ஷிமாஷ்தா" என்று சொல்லுங்கள், 'சரிங்க, செய்துவிடுகிறேன்' என்பதற்குச் சமம். "ர்யோகாய் தெஸ்", 'புரிந்தது', என்றும் பலர் சொல்வதைக் கேட்பீர்கள். அதை மேலதிகாரியிடம் சொல்லலாமா கூடாதா என்று ஜப்பானியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு எதற்கு அந்த வம்பு? ஷோச்சி போதும்.

கையில் சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அவர் பேசும்போது குறித்துக்கொள்வதே ஒரு மரியாதை. முடிந்ததும் தேதியையும் அளவையும் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: இடையில் போய்க் கேட்பது, தகவல் சொல்வது

அவர் இருக்கைக்குப் போய் நேராக விஷயத்தைத் தொடங்கக் கூடாது. "ஸுமிமஸென், இமா யொரொஷீ தெஷோ கா?" 'மன்னிக்கணும், இப்போ பேசலாமா?' அவர் தலையாட்டிய பிறகுதான் பேச்சு.

இங்கேதான் 'ஹோரென்ஸோ' வருகிறது. ஜப்பானியில் அது பசலைக்கீரையின் பெயர். ஹோகொகு, ரென்ரகு, ஸோதான் என்ற மூன்று சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்தாலும் அதே ஒலிதான் வரும். செய்ததைச் சொல், தகவல் கொடு, கலந்து பேசு. 1980களில் பரவிய இந்தச் சொல், இன்றும் புதியவர்களுக்கான பயிற்சியில் முதல் நாளே காதில் விழும்.

நம் பழக்கத்துக்கு நேர் எதிரான இடம் இது. ஒரு சிக்கல் வந்தால் நாம் முதலில் அதைச் சரிசெய்யப் பார்ப்போம், முடித்துவிட்டு "சார், ஒரு பிரச்சினை இருந்துச்சு, முடிச்சிட்டேன்" என்று சொல்வதில்தான் நமக்குப் பெருமை. அங்கே அது குற்றம். சிக்கல் தெரிந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மறைத்ததாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். ஆகவே கெட்ட செய்தி முதலில், அரைகுறையாக இருந்தாலும் உடனே.

அவர் பக்கத்திலிருந்து "கென்தோ ஷிமஸ்", 'யோசித்துப் பார்க்கிறேன்' என்றோ, "ச்சொத்தோ...", 'கொஞ்சம்...' என்று இழுத்து நிறுத்தியோ பதில் வந்தால், பெரும்பாலும் அது 'வேண்டாம்'தான். "பார்க்கலாம்" என்று நம் பெரியவர்கள் சொன்னால் நமக்குப் புரியாதா என்ன? அதே காதால் கேளுங்கள்.

படி 4: மன்னிப்பும் நன்றியும்

சின்னத் தவறுக்கு "ஸுமிமஸென்". வேலை பாதிக்கும் தவறுக்கு "மோஷிவகே கொஸாய்மஸென்". இரண்டாவதன் சொற்பொருளே 'சாக்குச் சொல்ல ஏதுமில்லை' என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு உடனே "ஆனால் டிரெயின் லேட்..." என்று ஆரம்பித்தால் சொன்னது வீண். முதலில் மன்னிப்பு, அவர் கேட்டால் காரணம்.

நன்றியில் நமக்குப் புதிதானது, அதை இரண்டாம் முறை சொல்வது. நேற்று இரவு அவர் உங்களைச் சாப்பிட அழைத்துப்போனார், அங்கேயே நன்றி சொல்லிவிட்டீர்கள். மறுநாள் காலை வந்ததும், வணக்கத்துக்கு அடுத்த வாக்கியமாக, "கினோ வா கொச்சிஸோஸமா தெஷ்தா" என்று மறுபடி சொல்ல வேண்டும். விருந்துக்குப் போய்வந்தால் 'நல்லா இருந்துச்சு' என்று ஒரு போன் போடச் சொல்வாரே பாட்டி, அதே மனசு.

படி 5: பெயர் சொல்வது

இதை நிதானமாகப் படியுங்கள். தமிழர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆபீஸுக்குள் மேலதிகாரியைக் குடும்பப் பெயரோடு 'ஸான்' சேர்த்தோ, பதவியைச் சேர்த்தோ அழைப்பார்கள். சுசுகி என்பவர் பிரிவுத் தலைவர் என்றால் 'சுசுகி-ஸான்' அல்லது 'சுசுகி-கச்சோ'. உங்கள் ஆபீஸில் எது வழக்கம் என்று முதல் நாள் கவனித்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பதவிப் பெயரே மரியாதைதான், அதன்மேல் இன்னொரு ஸான் வேண்டாம். 'அனதா', அதாவது 'நீங்கள்' என்ற சொல்லை மேலதிகாரியிடம் எடுக்கவே கூடாது. நம் மொழியில் 'நீங்கள்' மரியாதை, அங்கே அது நேராக விரல் நீட்டுவது போல.

இப்போது போன் அடிக்கிறது. வெளிக் கம்பெனிக்காரர் சுசுகியைக் கேட்கிறார். தமிழில் என்ன சொல்வோம்? "சார் வெளியே போயிருக்காங்க." யாரிடம் பேசினாலும் சார் சார்தான், அவர் 'போயிருக்காங்க'தான். ஜப்பானியில் அப்படிச் சொன்னால் தவறு. "சுசுகி வா ஸெகி ஒ ஹஸுஷ்தே ஒரிமஸ்" என்று சொல்ல வேண்டும். 'சுசுகி இருக்கையில் இல்லை.' ஸான் கிடையாது, பதவி கிடையாது, வினைச்சொல்லும் தாழ்த்திச் சொல்லும் வடிவம்.

முதல்முறை இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. அரைமணி முன்பு குனிந்து வணங்கிய மனிதரை மொட்டைப் பெயரில் எப்படிச் சொல்வது? ஆனால் கணக்கு வேறு. நம் மரியாதை ஆளோடு ஒட்டியிருக்கிறது, அப்பா எங்கே போனாலும் 'அப்பா வந்தாங்க'தான். அங்கே மரியாதை, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத் திரும்புகிறது. உள்ளே இருப்பவர்கள் 'உச்சி', வெளியே இருப்பவர்கள் 'ஸோதோ'. வெளியாரிடம் பேசும்போது நீங்களும் உங்கள் தலைவரும் ஒரே வீட்டுக்காரர்கள், வீட்டுக்காரரை விருந்தாளி முன் உயர்த்தக் கூடாது. சொந்த அப்பாவைக்கூட வெளியாரிடம் 'ஒதோஸான்' என்று சொல்லாமல் 'சிச்சி' என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். இது பிடிபட்டால் மற்ற விதிகள் தானாகப் புரியும்.

போன் எடுக்கும்போது 'மொஷி மொஷி' வேண்டாம், அது வீட்டுக்கு. கம்பெனி பெயரைச் சொல்லி, "ஒஸேவா நி நத்தே ஒரிமஸ்", 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று சொல்லுங்கள்.

மரியாதை மொழியை ஐந்து வகையாகப் பிரித்து 2007இல் ஜப்பானின் கலாச்சார ஆலோசனைக் குழு ஒரு வழிகாட்டியே தந்திருக்கிறது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். வாக்கிய முடிவில் வரும் 'தெஸ், மஸ்' மரியாதை வடிவம் தடுமாறாமல் வந்தால், மேலே உள்ள வாக்கியங்களோடு முதல் ஆறு மாதத்தை ஓட்டிவிடலாம்.

படி 6: பாராட்டு

மேலதிகாரியின் பேச்சைக் கேட்டுவிட்டு "நல்லா பேசினீங்க" என்று ஜப்பானியில் சொல்லக் கூடாது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு மார்க் போடுவது போலாகிவிடும். "பென்க்யோ நி நரிமாஷ்தா", 'கற்றுக்கொண்டேன்' என்று உங்கள் பக்கமிருந்து சொல்லுங்கள்.

அவர் உங்களிடம் "தஸ்கரிமாஷ்தா" என்றால், 'நீ செய்தது உதவியாக இருந்தது' என்று அர்த்தம். நாளை உங்களுக்குக் கீழே ஆட்கள் வரும்போது இந்த ஒரு சொல்லை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நல்ல மேலதிகாரிகள் இதைத் தாராளமாகச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன், அதைக் கேட்டவர்கள் மறுநாள் இன்னும் நன்றாக வேலை செய்வதையும் பார்த்திருக்கிறேன்.

படி 7: கிளம்புவது

இடையில் வெளிவேலையாகப் போனால் "இத்தே கிமஸ்". இது நமக்குப் பாடமே இல்லை. 'போய் வருகிறேன்' என்று அப்படியே சொல்லுக்குச் சொல். 'போறேன்' என்று சொல்லி வீட்டை விட்டு இறங்காத நமக்கு இது ஏன் என்று யாரும் விளக்க வேண்டாம். இருப்பவர்கள் "இத்தெரஷ்ஷாய்" என்பார்கள், 'போயிட்டு வாங்க'.

வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, "ஒஸகி நி ஷித்ஸுரே ஷிமஸ்." 'உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.' பையை மாட்டிக்கொண்டு நழுவாதீர்கள். மேலதிகாரி இருக்கும் பக்கம் திரும்பி, நின்று, லேசாகக் குனிந்து சொல்லுங்கள். அதற்கு முன்பு, உங்களால் முடிந்த ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. அவர் "ஒத்ஸுகரேஸமா" என்பார், கிளம்பலாம்.

உங்களுக்கு முன் வேறொருவர் கிளம்பினால், திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்து, "ஒத்ஸுகரேஸமா தெஷ்தா."