நான்கு திட்டங்கள், ஒரே ஆட்டோஜென் ஸ்கிரிப்ட்: என் அனுபவம்

நான் பராமரிக்கும் நான்கு சிறிய சி நூலகங்களிலும், பில்ட் செய்வதற்கு (மூல நிரலைத் தொகுப்பதற்கு) முன் தேவைப்படும் கோப்புகளை உருவாக்கும் ஆட்டோஜென் ஸ்கிரிப்ட் தனித்தனி நகலாக இருந்தது. ஒன்றில் பிழையைத் திருத்துவேன், மற்ற மூன்றில் மறந்துவிடுவேன்.

ஒரு பயனர் ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலி கொண்ட பலகையில் பில்ட் செய்து பார்த்து, கணினியைச் சோதித்து பில்டுக்குத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது என்று எழுதினார். கணினி வகையை ஊகிக்க முடியவில்லை என்பதுதான் பிழைச்செய்தி. கணினி வகையை ஊகிக்கும் கான்ஃபிக்.கெஸ் கோப்பைத் திறந்தேன். அதன் தலையிலேயே தேதி இருக்கும்: 2012. அந்தப் பழைய நகலுக்கு ரிஸ்க்-ஃபைவ் என்ற பெயரே தெரியாது.

ஆட்டோஜென் ஸ்கிரிப்டில், இந்தக் கோப்புகளைக் கொண்டுவரும் ஆட்டோரீகான்ஃப் கட்டளை 'இன்ஸ்டால்' கொடியோடு (விருப்பத்தோடு) மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாத கோப்பைத்தான் சேர்க்கும், இருப்பதைத் தொடாது. 'ஃபோர்ஸ்' கொடியையும் சேர்த்ததும் புதிய நகல் வந்தது. இனி ஆட்டோரீகான்ஃபே கொண்டுவரும் என்பதால் கான்ஃபிக்.கெஸ், அதன் துணைக் கோப்பான கான்ஃபிக்.சப் இரண்டையும் கிட்டிலிருந்து (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) நீக்கினேன். டெபியன் லினக்ஸில், மென்பொருள் தொகுப்புகளை உருவாக்க உதவும் டெப்ஹெல்பர் கருவியின் 10-ஆம் இணக்க நிலையிலிருந்து ஆட்டோரீகான்ஃப் இயல்பாகவே ஓடுவதும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்.

சரி, நான்கு நகல்களை என்ன செய்வது? முதலில் பொது ஸ்கிரிப்டைத் தனிக் களஞ்சியமாக்கி, சப்மாட்யூலாக (வேறொரு களஞ்சியத்தைச் சுட்டும் இணைப்பாக) இணைத்தேன். அது எனக்குச் சரிப்படவில்லை. கிட் ஆர்க்கைவ் கட்டளை உருவாக்கும் டார் கோப்பில் (எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதி) சப்மாட்யூல் வெற்று அடைவாகத்தான் இருக்கும். அதை இறக்கியவர்களால் பில்ட் செய்யவே முடியவில்லை. அப்புறம், மற்றொரு களஞ்சியத்தின் கோப்புகளையே உள்ளே நகலெடுத்து வைக்கும் கிட் சப்ட்ரீக்கு மாறினேன். கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன, புதுப்பிக்க ஒரே கட்டளை போதும். பொதுக் களஞ்சியத்தில் மாற்றம் செய்தால், நான்கு நூலகங்களையும் பில்ட் செய்து பார்த்த பிறகே இப்போது இணைக்கிறேன்.