லீகான்ட் சிகரம் ஏறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது லீகான்ட். உயரம் 6,593 அடி. உச்சிக்குச் சாலை கிடையாது, நடந்துதான் போயாக வேண்டும். ஏறுவதற்குப் பல பாதைகள் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆலம் கேவ் பாதைதான். போக வர சுமார் 11 மைல். ஏற்றம் மட்டும் 2,700 அடிக்கு மேல். ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

1. வண்டி நிறுத்த இடம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்கு மேல் வண்டி நிற்க வேண்டுமென்றால் பார்க்கிங் டேக் என்னும் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். வார இறுதியில் பாதையின் தொடக்கத்தில் காலையிலேயே இடம் நிரம்பிவிடும். விடியும்போதே போய்விடுங்கள்.

2. பையில் என்ன? மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, தலையில் மாட்டும் விளக்கு, சாப்பாடு, ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். கீழே வெயில் அடிக்கிறதே என்று கம்பளியை வண்டியில் விட்டுவிடாதீர்கள். அடிவாரத்தைவிட உச்சியில் 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர் கூடுதலாக இருக்கும், மழையும் அதிகம். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. குகை வரை. முதல் ஒன்றரை மைல் ஓடையை ஒட்டிய சுலபமான நடை. அப்புறம் ஆர்ச் ராக் வரும். பாறையில் இயற்கையாக விழுந்த துளைக்குள் படிகள் ஏறுகின்றன. ஈரம் வழுக்கும், பக்கத்தில் உள்ள கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள். 2.3 மைலில் ஆலம் கேவ். பெயர்தான் குகை, உண்மையில் அது தலைக்கு மேல் சுமார் 80 அடி உயரத்துக்கு முன்தள்ளி நிற்கும் பாறை. வெளியே காடெல்லாம் நனைந்து கிடந்தாலும் அதன் அடியில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே எப்சம் உப்பு வெட்டியெடுத்தார்கள். குளிர்காலத்தில் மேலிருந்து பனிக்கூர்கள் உடைந்து விழும், அடியில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

இங்கே உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். நண்பகல் தாண்டிவிட்டதா, கால் வலிக்கிறதா, மேகம் கறுக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுங்கள். இதுவரை வந்ததே அருமையான நடைதான், அதில் குறை எதுவும் இல்லை.

4. குகைக்கு மேல். பாதை குறுகி, பாறை விளிம்புகளில் போகிறது. தேவையான இடங்களில் கம்பிவடம் உண்டு. குளிர்காலத்தில் ஐஸ் படியும் இடம் இது. காலணியில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் போகவே கூடாது. இதற்கு மேலே காடு மாறுவதைக் கவனியுங்கள். அகன்ற இலை மரங்கள் குறைந்து ஸ்ப்ரூஸ், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் சூழ்ந்துகொள்ளும். நடுநடுவே சாம்பல் நிறத்தில் பட்ட மரங்கள் நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு நுண்ணிய பூச்சி சாறு உறிஞ்சிக் கொன்ற ஃப்ரேசர் ஃபிர் மரங்கள் அவை. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். அடியில் முளைத்திருக்கும் கன்றுகளை மிதிக்காமல் பாதையிலேயே நடங்கள்.

5. உச்சியில். மரக்குடில்கள் கொண்ட ஒரு விடுதி இருக்கிறது. அதற்கு வேண்டிய சாமான்களை வேறொரு பாதை வழியாக லாமா என்னும் ஒட்டக இன விலங்குகள் சுமந்து வருகின்றன. தங்க நினைத்தால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். மிக உயரமான புள்ளியான ஹை டாப்பில் கற்குவியல் ஒன்றுதான், மரங்கள் மறைப்பதால் காட்சி கிடையாது. காட்சிக்குக் கிளிஃப் டாப்ஸ் போங்கள், விடுதியிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

6. கரடி. இங்கே கருங்கரடிகள் நிறைய. குறைந்தது 150 அடி தள்ளி நில்லுங்கள், சாப்பாட்டை வெளியே விட்டுவைக்காதீர்கள்.

7. இறக்கம். முழங்காலுக்கு இதுதான் சோதனை. ஊன்றுகோல் இருந்தால் நல்லது. ஆர்ச் ராக் படிகளில் ஏறியதைவிட மெதுவாக இறங்குங்கள். அந்த இடத்தை இருட்டுவதற்குள் தாண்டும்படி உச்சியிலிருந்து கிளம்புங்கள்.