சென்னையில் சீன மை ஓவியம்: மூங்கிலில் தொடங்குங்கள்

வேலை, குடும்பம் எல்லாம் போக எஞ்சும் நேரத்தில் சீன ஓவியம் பழக வருபவர்களுக்கு முதல் நாளிலேயே மலையும் அருவியும் வரைய ஆசை வரும். ஆறு மாதமாவது அதைத் தள்ளிப்போடுங்கள். மூங்கிலும் ஆர்க்கிட் இலையும் போதும். இவை இரண்டிலும் கோடு குறைவு, மறைக்க இடமில்லை. தூரிகையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கைக்குச் சொல்லித்தர இவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. தொடக்கத்தில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவைதான்.

முதலில் தாள். சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில், ஒருவகை மரப்பட்டையையும் வைக்கோலையும் சேர்த்துச் செய்வது ஷுவான் தாள். படிகாரமும் பசையும் பூசிய தாளில் மை பரவாது. நுணுக்கமான கோட்டோவியத்துக்கு அது. மூங்கிலுக்குப் பூச்சில்லாத ‘பச்சை’ ஷுவான் வேண்டும். வழக்கமான முழுத்தாள் 69 × 138 செ.மீ. அதை எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வழுவழுப்பான பக்கம்தான் முன்பக்கம். தாளைத் தினமும் செலவழிக்க மனம் வராதவர்கள் கோடு பழகப் பழைய செய்தித்தாளில் எழுதலாம். அது மையைச் சட்டென்று உறிஞ்சுவதால் கை தயங்கினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

தூரிகை மூன்று போதும்: வெள்ளாட்டு முடியும், கீரி போன்ற வீசல் என்னும் விலங்கின் முடியும் கலந்த பெரியது ஒன்று, வீசல் முடியில் நடுத்தரம் ஒன்று, கணுவுக்குச் சிறியது ஒன்று. புதுத் தூரிகை கஞ்சி போட்டு விறைப்பாக வரும். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, அடிவரை விரல்களால் மெல்ல நீவித் திறக்க வேண்டும். வெந்நீர் கூடாது; முடியைப் பிடித்திருக்கும் பசை இளகி, பிறகு கொத்தாகக் கழன்று வரும். வேலை முடிந்ததும் சோப்பு இல்லாமல் அலசி, முனையைக் கூராக்கி, முடி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூடிபோட்டு வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை நிச்சயம்.

கடைகளில் ‘இந்தியன் இங்க்’ என்று விற்கும் குப்பி மையில் அரக்கு சேர்ந்திருக்கலாம். அது காய்ந்தால் தூரிகை கல்லாகிவிடும், தொடவே வேண்டாம். எழுத்துக்கலைக்கான சீனக் குப்பி மை பயிற்சிக்குச் சரி. மைக்கட்டி வாங்கியிருந்தால் மை தேய்க்கும் கல்லில் அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டு, சந்தனம் இழைப்பதுபோல், ஆனால் அதைவிட மெதுவாகவும் கட்டியைச் செங்குத்தாகப் பிடித்தும் வட்டமாகத் தேயுங்கள். பத்து நிமிடம் ஆகலாம். கட்டி சென்ற தடம் பின்னால் மெதுவாக மூடிக்கொண்டால் மை பதமாகிவிட்டது என்று பொருள். போர் தண்ணீரின் உப்பு கரித்துகள்களைத் திரியச் செய்யக்கூடும், ஆகவே கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். கட்டியைத் துடைத்து வையுங்கள். கல்லின் மேலேயே விட்டால் ஒட்டிக்கொள்ளும். மையில் இருப்பது விலங்குப் பசை. வெயில் காலத்தில் மறுநாள் நாறும், பரவும் விதமும் மாறிவிடும். அன்றன்றைக்குத் தேய்ப்பதே நல்லது.

மேசையில் ஃபெல்ட் துணியோ பழைய கம்பளியோ விரியுங்கள். அடியில் மெத்தென்று இல்லாவிட்டால், தாளைத் தாண்டி இறங்கும் ஈரம் மேசையில் தேங்கிக் கோட்டின் ஓரத்தைக் கெடுக்கும். ஃபெல்ட் பாரிமுனைப் பக்கம் தேடினால் கிடைக்கும். மைக்கு நான்கைந்து வெள்ளைப் பீங்கான் தட்டுகள் வையுங்கள். நிறப்பொலிவு வெள்ளையில்தான் தெரியும்.

சீலிங் ஃபேன் பெரிய தொல்லை. போட்டால் தாள் பறக்கும், கோடு பாதியிலேயே காயும். போடாவிட்டால் வியர்வைத் துளி விழுந்த இடத்தில் மை பூவாக விரியும். விடிகாலையில் உட்காருங்கள், அல்லது டேபிள் ஃபேனை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். தாளுக்கும் கைக்கும் நடுவே ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

இப்போது தண்ணீர். ஐந்து தட்டுகளில் கன்னங்கரேலென்பதில் இருந்து சாம்பல் நிழல்வரை ஐந்து பதத்தில் மை கலக்குங்கள். தூரிகையை நனைத்து, தட்டின் விளிம்பில் வழித்து, முடியின் அடிப்பகுதியை மட்டும் துணியில் ஒற்றுங்கள். முனையை ஒற்றினால் மையும் போய்விடும். தாள் ஓரத்தில் ஒரு நொடி அழுத்தி எடுங்கள். பொட்டைச் சுற்றி ஈர வளையம் அகலமாக விரிந்தால் தண்ணீர் அதிகம். வெள்ளைக் கீற்றுகள் தெரிந்தால் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழைக்காலத்தில் தாளே ஈரம் குடித்திருக்கும், அதே தூரிகை கூடுதலாகப் பரவும். ஆகவே இந்தப் பொட்டுச் சோதனையைத் தினமும் செய்யுங்கள்.

மூங்கில் தண்டுக்குப் பெரிய தூரிகையில் வெளிர் மையை நிரப்பி, முனையை மட்டும் அடர்மையில் தொட்டு, தட்டில் புரட்டிச் சேருங்கள். தூரிகையைச் சாய்த்து அழுத்தி, ஒரு கணம் நிறுத்தி, மேல்நோக்கி இழுத்து, முடிவில் மறுபடி நிறுத்தித் தூக்குங்கள். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுத்த கணுவிடை. அடியில் குட்டையாக, நடுவில் நீளமாக, உச்சியில் மீண்டும் குட்டையாக. முழுத் தண்டையும் ஒரே மையில் முடியுங்கள். இடையில் தொட்டால் நிறம் துள்ளும். தண்டு முக்கால்வாசி காய்ந்ததும் சிறிய தூரிகையில் அடர்மை கொண்டு கணுக்கோடு. அதற்கு முன் போட்டால் கோடு கரைந்துவிடும். கிளைகள் கணுவிலிருந்து மாறி மாறி இடமும் வலமும் வரும்.

இலைதான் கடினம். தொட்டு, அழுத்தி, இழுத்து, ஓட்டத்தோடு தூக்குங்கள். தோளிலிருந்து அசைவு வர வேண்டும், மணிக்கட்டு மேசையில் படக்கூடாது. நுனி மொட்டையாக இருந்தால் நின்றபின் தூக்கியிருக்கிறீர்கள். இரண்டாகப் பிளந்தால் தூரிகை காய்ந்துவிட்டது. மூன்று நான்கு இலைகளாகச் சேருங்கள். ஏணிப்படிபோல் இணையாகவோ பெருக்கல் குறிபோலவோ விழ விடாதீர்கள். மழையில் தொங்கும் இலை கீழ்நோக்கியும் தெளிந்த நாளின் இலை மேல்நோக்கியும் இருப்பது பழைய மரபு.

ஆர்க்கிடில் முதல் இலை நீண்டு வளையட்டும். இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டி நடுவில் ஒரு கண்வடிவம் விட வேண்டும். மூன்றாவது அந்தக் கண்ணைக் கிழித்துப் போகும். இந்த மூன்று கோடும் சரியாக விழுந்துவிட்டால் மீதி தானே வரும்.

பெரியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கோணினால் மேலே பூசித் திருத்துவது. பச்சை ஷுவானில் ஒவ்வொரு ஒட்டும் தெரியும். பிசகினால் அடுத்த தாளுக்குப் போங்கள். ஞாயிறன்று நான்கு மணிநேரம் உட்காருவதைவிடத் தினமும் முப்பது நிமிடம் மேல்.

பார்த்து வரைய, பழைய ஓவியங்களையே எடுங்கள். மூங்கிலுக்குச் சீன ஓவியர்கள் வென் தொங் (1018–1079), வூ சென் (1280–1354). தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகம் பல படங்களை இணையத்தில் தருகிறது. முதலில் பத்து நிமிடம் எந்தக் கோடு முன்னால், எது பின்னால் என்று பாருங்கள்; பின் வரையுங்கள்.

காய்ந்த ஓவியம் சுருங்கும். கோதுமை ஸ்டார்ச் பசையை நீர்க்கக் காய்ச்சி, படத்தைக் கவிழ்த்து நீர் தெளித்து நீவி, பின்புறம் பூசித் தாள் ஒட்டுங்கள். விளிம்பை மட்டும் பலகையில் ஒட்டி முழுக்கக் காயவிடுங்கள். குப்பி மை கசியக்கூடும், ஆகவே முன்னதாக ஓர் ஓரத்தில் ஈரத் துணியால் ஒற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். ஜனவரிக்குப் பிறகு காற்று தோதாக இருக்கும். பசை தடித்தால் ராமபாணப் பூச்சி தேடிவரும். சுருட்டி, காய்ந்த வேப்பிலையோடு உறையிலிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.