எண்ணூர்ச் சேறு முதல் வீட்டுக் குடம் வரை: நுண்ணுயிரிகள் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தின் அலையாத்தி வேர்களிலும் மீனவர்களின் வலைகளிலும் படகுகளிலும் பிசின்போல் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன், 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளியதை வடசென்னை மறந்திருக்காது. எண்ணெய் தின்னும் பாக்டீரியா இருக்கும்போது ஏன் அள்ள வேண்டும் என்று கேட்கத் தோன்றும். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

அல்கானிவோராக்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் எண்ணெயை உணவாக்கிக்கொள்வது உண்மைதான். ஆனால் எண்ணெய் அவற்றுக்குத் தருவது பெரும்பாலும் கார்பனை மட்டுமே. நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சுற்றுப்புறத்திலிருந்து கிடைக்க வேண்டும். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காவில் கரையொதுங்கியபோது, கரையில் உரமிட்டு, ஏற்கெனவே அங்கு வாழ்ந்த நுண்ணுயிரிகளைப் பெருகச் செய்யும் வழியே பெரிய அளவில் கையாளப்பட்டது. அதே உரத்தை எண்ணூரில் கண்ணை மூடிக்கொண்டு இடுவதும் தவறு. கழிவுநீர் கலக்கும் கழிமுகத்தில் அந்தச் சத்துகளைவிடக் காற்றுக்கே பஞ்சம். சேற்றின் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் எட்டாததால், அங்கு புதைந்த எண்ணெய் நெடுங்காலம் கிடக்கும். தார்போன்ற கனமான பகுதியை இந்த உயிரிகளும் எளிதில் சிதைப்பதில்லை. ஆகவே முதலில் வாளி, பிறகே பாக்டீரியா.

குடிநீரில் நாம் செய்வது அவசரம். குளோரின் மாத்திரையைக் குடத்தில் போட்டவுடன் மொண்டு குடிக்கிறோம். கலங்கிய நீரிலும் அதையே போடுகிறோம். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், நீரைத் தெளியவைத்து வடிகட்டிய பின் மாத்திரையிட்டுக் குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணி இந்த அளவுக்கெல்லாம் அசையாது. சந்தேகமிருந்தால் கொதிக்கவைப்பதே மேல். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்பதும் தவறான கணக்கு. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அடிபம்பை அடித்தால், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படலாம். அது கண்ணுக்குத் தெரியுமளவு கலங்கலாக இருக்க வேண்டியதில்லை.

பேதி கண்டவுடன் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதுதான் என் கணிப்பில் இவற்றுள் மிகப் பெரிய தவறு. வைரஸால் வந்த பேதியை அது தொடாது. பாக்டீரியாவால் வந்ததென்றால், பரிசோதனைக்கு முன் உண்ட மாத்திரை ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் கிருமியை முளைக்கவிடாமல் மறைத்துவிடக்கூடும். இது சிறிய இழப்பன்று. காலராக் கிருமியின் ஓ1 வகை மட்டுமே அந்நோயைக் கொள்ளைநோயாகப் பரப்பும் என்று கருதப்பட்ட காலத்தில், 1992-இல், ஓ139 என்ற புதிய வகை முதன்முதலில் தெரியவந்தது இதே மெட்ராஸில்தான். பழைய வகைக்கு எதிராகப் பெற்றிருந்த எதிர்ப்பாற்றல் அதனிடம் பலிக்கவில்லை. நோயாளிகளின் மலத்திலிருந்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தவர்கள் இல்லையென்றால் அந்த வேறுபாடு தெரிந்திருக்காது. அரிசி கழுவிய நீர்போலப் பேதியானால், உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே நோயாளியைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

குப்பையைப் பற்றி ஒரு சொல். கொடுங்கையூர்க் கழிவுநீர் நிலையத்தின் மூடிய கலனில் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் மீத்தேன் மின்சாரமாகிறது. அதே ஊரின் குப்பைமேட்டில் அது வானுக்குப் போகிறது, அல்லது தீக்கு எண்ணெய் வார்க்கிறது. மீன் கழிவைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சிட்டு வீசும்போது, காற்றில்லாமல் அழுகும் அந்த வேலையை நாமே தொடங்கிவைக்கிறோம்.