ரிகர்வ் வில்லை வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புவது எப்படி?

மூன்று கிலோகூட இல்லாத வில்லுக்கு ஆறு கிலோவுக்கான கட்டணம் கேட்கிறார்களே என்று முதல்முறை அனுப்புகிற பலரும் திகைத்துப் போகிறார்கள். கூரியர்காரர்கள் பெட்டியை எடை மட்டும் போடுவதில்லை, அளக்கவும் செய்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது பரும எடை. இதிலும் உண்மை எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அதனால் செலவைக் குறைக்கும் வேலை பெட்டி தேடும்போதே தொடங்கிவிடுகிறது.

இங்கே சொல்வது கழற்றி மாட்டக்கூடிய ரிகர்வ் வில்லுக்கு, அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்லுக்கு. 25 அங்குல ரைசர் (பிடியுள்ள நடுப்பகுதி) என்றால் 63.5 செ.மீ. லிம்புகளும் (அதன் மேலும் கீழும் மாட்டும் வளையும் கைகள்) ஏறக்குறைய அதே நீளம்தான். 75 × 25 × 16 செ.மீ. பெட்டியின் பரும எடை 6 கிலோ. உயரத்தை 14 ஆக்கினால் 5.25, அரைக் கிலோவாக மேலே ஏற்றி 5.5 என்று கணக்கிடுவார்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைத்ததில் அரைக் கிலோ மிச்சம்.

கழற்றுதல்

அடுத்த பத்தியில் சொல்லும் அளவுகளை எடுத்த பிறகு, ஸ்ட்ரிங்கர் (நாணை ஏற்றி இறக்க உதவும் கயிறு) போட்டு நாணை இறக்குங்கள். நாண் ஏற்றிய வில்லை ஒருபோதும் அனுப்பக் கூடாது. வாரக்கணக்கில் வளைந்தே கிடந்து, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடும் ஏறினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும், ஒட்டிய அடுக்குகள் விட்டுப்போகவும் கூடும்.

நாணை இறக்குவதற்கு முன்பு பிரேஸ் ஹைட் (பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), டில்லர் (மேல், கீழ் லிம்புகளிலிருந்து நாணுக்கு உள்ள தூரங்களின் வித்தியாசம்), நாக்கிங் பாயிண்ட் (நாணில் அம்பு பொருந்தும் இடம்) மூன்றையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். ஐ.எல்.எஃப். (எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான மாட்டும் முறை) வகை லிம்ப், நாண் இறங்கியதும் பள்ளத்திலிருந்து தானாகக் கழன்று வரும். போல்ட்டைத் திருக வேண்டாம், டில்லர் மாறிவிடும். இறக்கிய நாணின் இரு கண்ணிகளையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாணின் முறுக்கு அவிழ்ந்து, அங்கே மாட்டும்போது பிரேஸ் ஹைட் குறைந்திருக்கும்.

சைட் (குறி பார்க்கும் கருவி), பிளஞ்சர் (அம்பின் பக்கவாட்டில் அழுத்தும் ஸ்பிரிங் பொத்தான்), அம்பு ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பகுதி), ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் வைக்கும் தண்டு) எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரைசரில் துருத்திக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது.

பொதிதல்

சேதம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் அலுமினிய ரைசர் பெட்டிக்குள் நகர்ந்து லிம்பைக் குத்துவதுதான் வழக்கம். ஆகவே ரைசரைத் தனியாக இரண்டு சுற்று பபிள் ராப்பில் சுற்றுங்கள். லிம்ப் இரண்டையும் அவற்றின் துணியுறையில் போட்டு, நுனிகளில் மட்டும் கூடுதலாக நுரை வையுங்கள். முதலில் உடைவது நுனிதான். ரைசருக்கும் லிம்புக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டையை முழு நீளத்துக்கும் நிறுத்துங்கள். லிம்பின் வளைவைத் தட்டையாக்கும்படி எதையும் வைத்து அழுத்தவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம்.

பெட்டி ஐந்தடுக்கு அட்டையாக இருக்கட்டும். இரு முனையிலும் ஐந்து சென்டிமீட்டர் நுரை வேண்டும், தலைகீழாக விழுந்தால் அடி வாங்குவது அந்த முனைகள்தான். மூடிய பிறகு தூக்கிக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் திறந்து மறுபடி அடையுங்கள்.

மரப்பெட்டி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கனம் ஏறும். அதோடு 6 மி.மீ.க்கு மேல் தடித்த பச்சைப்பலகையில் பெட்டி செய்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பொதிகளுக்கான சர்வதேச விதி) முத்திரையைப் பல நாடுகள் கேட்கும். பிளைவுட்டுக்கு அந்த விதி இல்லை.

அம்புகளும் நீளமான ராடும்

அம்பு 71 முதல் 79 செ.மீ. வரை இருக்கும். 30 அங்குல ஸ்டெபிலைசர் ராடு 76 செ.மீ. இவற்றைச் சேர்த்தால் பெட்டி 85 செ.மீ. ஆகி, பரும எடை 6.8-க்கு, அதாவது 7 கிலோவுக்கு ஏறும். அங்கேயே அம்பு வாங்க முடியுமானால் அனுப்பாமல் விடுவதே லாபம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் திருகு வகை முனைகளைக் கழற்றித் தனிப்பையில் போட்டு, அம்புகளைக் கெட்டியான குழாயில் அடையுங்கள். இறகு ஒட்டும் பசை எளிதில் தீப்பற்றக்கூடியது, விமானத்தில் போகும் பார்சலில் வைக்கவே கூடாது. ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும். மயிலிறகு ஒட்டிய அம்பை இந்தியாவிலிருந்து அனுப்பச் சட்டம் இடம் தராது.

கழற்ற முடியாத 68 அங்குல லாங்போ (ஒரே துண்டான நீள வில்) 173 செ.மீ. நான்கு அங்குலப் பிவிசி குழாயில் அடங்கும், பரும எடையும் குறைவுதான். ஆனால் ஒரு மீட்டரைத் தாண்டினாலே பல கூரியர்கள் நீளத்துக்கென்று தனிக்கட்டணம் போடுகிறார்கள். ஜப்பான் அஞ்சலின் இ.எம்.எஸ். (விரைவு அஞ்சல்) போன்ற சேவைகளில் 1.5 மீட்டருக்கு மேல் எடுக்கவே மாட்டார்கள்.

யார் மூலம்?

பல நாட்டு அஞ்சல் துறைகள் உண்மை எடைக்கே கட்டணம் வாங்குகின்றன. லேசாகவும் பெரிதாகவும் இருக்கும் வில் பெட்டிக்கு இது பெரும்பாலும் மலிவு. இரண்டு இடத்திலும் விலை கேளுங்கள். நீங்களே பயணம் போவதானால் இன்னும் நல்லது: மேலே சொன்ன பெட்டியின் மூன்று அளவையும் கூட்டினால் 116 செ.மீ., விமானங்களில் வழக்கமான 158 செ.மீ. வரம்புக்குள் அடங்கிவிடும். செக்-இன் சாமானில்தான் போட வேண்டும், கேபினுக்குள் வில்லையும் அம்பையும் விடமாட்டார்கள்.

சுங்கப் படிவம்

'ஆர்ச்சரி ரிகர்வ் போ, ஸ்போர்ட்ஸ் ஈக்விப்மென்ட்' என்று தெளிவாக எழுதுங்கள். வெறும் 'போ' (bow) என்றால் வயலின் வில்லோ ரிப்பனோ என்று குழம்பி நிறுத்திவைப்பார்கள். எச்.எஸ். குறியீடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) 9506.99, விளையாட்டுச் சாமான் பிரிவு. சில கூரியர்களின் தடைப்பட்டியலில் ஆயுதம் என்ற சொல் இருப்பதால், விளையாட்டு வில்லை ஏற்பார்களா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குவில் (துப்பாக்கி போல விசை இழுத்து எய்யும் வில்) வேறு விஷயம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அதற்கு முன் அனுமதி வேண்டும்.

வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். அது பொய்க் கணக்கு. உடைந்தால் காப்பீடும் எழுதிய தொகைக்கு மேல் தராது. 'கிஃப்ட்' என்று எழுதினாலும் எல்லா நாட்டிலும் விலக்கு கிடைக்காது. இந்தியாவுக்கு வரும் பரிசுப் பார்சல்களுக்கு 2019 டிசம்பரிலிருந்து ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர மற்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. கூரியரில் இந்தியாவுக்கு அனுப்பினால் பெறுபவர் கே.ஒய்.சி. ஆவணமும் தர வேண்டும். முதலிலேயே சொல்லிவிட்டால் கிடங்கு வாடகை மிச்சமாகும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும்

பொதியும்போது ஒவ்வொரு அடுக்கையும் படமெடுங்கள், ரைசரின் வரிசை எண்ணும் தெரியட்டும். பெறுபவர் பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். லிம்பின் மேல் பஞ்சை மெதுவாக இழுத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் இழை சிக்கும். அப்படிச் சிக்கினால் நாண் ஏற்றாமல், பெட்டியையும் நுரையையும் தூக்கி எறியாமல், உடனே கூரியருக்கு எழுத வேண்டும். பொதிந்த முறையைப் பார்க்காமல் இழப்பீடு தரமாட்டார்கள்.