நீள்தூர ஸ்கீயின் அடிப்பரப்பைப் பேணுதல்: வன்னியிலிருந்து நோர்வே செல்வோருக்கு

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல வீடுகளுக்கு நோர்வேயில் ஓர் அண்ணனோ சித்தியோ இருப்பதால், குடும்பத்தோடு இணைவதற்காக அங்கே புறப்படும் இளையவர்கள் எம்மிடையே உள்ளனர். குளிர் உடுப்பையும் சப்பாத்தையும் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஆட்கள் உண்டு. ஆனால் முதற் குளிர்காலத்திலேயே நண்பர்களுடன் காட்டுப் பாதையிலும் மலைமேட்டிலும், பனியில் வழுக்கிச் செல்லக் காலில் பூட்டும் நீண்ட பலகையான ஸ்கீயில் செல்ல நேரும்போது, அப்பலகையின் அடிப்பரப்பை எப்படிப் பேணுவது என்பதைச் சொல்லிக் கொடுப்போர் குறைவு. ஒஸ்லோவில் வாழ்ந்து ஊர் திரும்பியபோது நான் கொண்டுவந்த மலைப்பயண ஸ்கீச் சோடியை வைத்து, கிளிநொச்சியில் எமது வீட்டு விறாந்தையிலேயே இவ்வேலையின் பெரும்பகுதியைக் கற்பிக்கிறேன். அடிப்பரப்பை ஆயத்தப்படுத்தப் பனி தேவையில்லை.

மலையிறங்குவதற்கான ஸ்கீ முழுநீளமும் வழுக்கினால் போதும். நீள்தூர ஸ்கீயோ வழுக்கவும் வேண்டும், காலால் உந்தும்போது பனியைப் பற்றவும் வேண்டும். ஆகவே முன்பகுதியும் பின்பகுதியும் சறுக்கும் பகுதிகள். பாதத்தின் கீழும் அதற்குச் சற்று முன்னும் உள்ள நடுப்பகுதி பிடிக்கும் பகுதி. பலகை நடுவில் மேல்நோக்கி வளைந்திருப்பதால், இரு கால்களிலும் பாரத்தைப் பகிர்ந்து சறுக்கும்போது நடுப்பகுதி பனியில் அழுந்துவதில்லை. ஒரு காலில் முழுப் பாரத்தையும் ஊன்றி உந்தும்போதே அது தட்டையாகிப் பனியைப் பற்றுகிறது. முனைகள் வழுக்குவதற்காகப் பூசும் சறுக்கு மெழுகு நடுப்பகுதிக்கு வந்தால், பனியைப் பற்றுவதற்காக நடுவில் பூசும் பிடி மெழுகு அதில் ஒட்டாது. பிடி மெழுகு முனைகளுக்குப் போனால் பலகை ஓடாது. இந்த எல்லையைக் காப்பதில்தான் எல்லா வேலையும் அடங்கியிருக்கிறது.

எல்லையை அளக்க மட்டமான சீமெந்துத் தரையும் ஒரு கடதாசித் தாளும் இன்னொருவரின் உதவியும் போதும். மலைப்பயணத்தில் முதுகுப்பை சுமக்க வேண்டியிருக்குமாதலால், அதே பாரமுள்ள பையைச் சுமந்து, இரு பலகைகளிலும் சமமாக ஏறி நில்லுங்கள். உதவிக்கு நிற்பவர் பாதத்தின் கீழே தாளை நுழைத்து, முன்னும் பின்னும் அது தடையின்றிச் செல்லும் தூரத்தைப் பலகையின் பக்கத்தில் அடையாளமிட வேண்டும். பிறகு ஒரே பலகையில் முழுப் பாரத்தையும் போடுங்கள்; அப்போது தாள் இறுகிக்கொண்டால் பலகை உங்கள் நிறைக்குப் பொருத்தமானது. இறுகாமல் இலகுவாக நகர்ந்தால் பலகை உங்களுக்கு மிகவும் விறைப்பானது. எவ்வளவு நல்ல மெழுகும் அதைச் சரிசெய்யாது.

இக்கால ஸ்கீயின் அடிப்பரப்பு பொலிஎதிலீனால் ஆனது. மெழுகு குறைந்து காய்ந்துபோனால் அது வெளிறிச் சாம்பல் நிறமாகும். அப்போது சறுக்கும் பகுதிகளுக்குச் சூடான மெழுகு இட வேண்டும். முதலில் தூரிகையால் அழுக்கை அகற்றுங்கள். ஸ்கீக்கென்றே விற்கப்படும் அயன் பெட்டியில், மெழுகின் உறையில் குறிப்பிட்டுள்ள வெப்பநிலையை வையுங்கள். அது பெரும்பாலும் 120 முதல் 150 பாகை வரை இருக்கும். உடுப்புக்குரிய பெட்டியின் வெப்பம் ஏறி இறங்கும், நீராவித் துளைகளில் மெழுகும் புகும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. மெழுகைப் பெட்டியில் உருக்கித் துளித்துளியாக விழவிட்டு, பெட்டியை முனையிலிருந்து ஒரே சீராக நகர்த்துங்கள். புகை எழுந்தால் வெப்பம் கூடிவிட்டது என்று பொருள். ஓரிடத்தில் நிறுத்தினால் அடிப்பரப்பு கருகும், கருகிய இடம் மீண்டும் மெழுகை ஏற்காது. நன்றாக ஆறியபின் பிளாஸ்ரிக் சுரண்டியால் மேல்மெழுகு முழுவதையும் சுரண்டி, நடுவிலுள்ள பள்ளக்கோட்டையும் சுத்தமாக்கி, நைலோன் தூரிகையால் தேயுங்கள். புதியவர்கள் மெழுகைச் சுரண்டத் தயங்குவார்கள். ஆனால் வேலை செய்வது அடிப்பரப்பினுள் ஊறிய மெழுகே, மேலே தடிப்பாக நிற்பது ஓட்டத்தைத் தடுக்கும். வாங்கும்போது புளோரின் சேர்ந்த மெழுகைத் தவிருங்கள். அதிலுள்ள சேர்மங்கள் உடலிலும் நீரிலும் நெடுங்காலம் தங்குபவை. சர்வதேச ஸ்கீ சம்மேளனமும் 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதைத் தடைசெய்துள்ளது.

பிடிக்கும் பகுதியை 100ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்தால் மெழுகு நன்றாகப் பற்றும். பிடி மெழுகின் நிறங்கள் வெப்பநிலையைக் குறிக்கின்றன: கடுங்குளிருக்குப் பச்சை, சாதாரணக் குளிருக்கு நீலம், பூச்சியத்தை அண்டிய நிலைக்கு ஊதாவும் சிவப்பும். மெல்லிய பூச்சாகப் பூசி, தக்கையால் தேய்த்து வழவழப்பாக்கி, மீண்டும் பூசுங்கள். மெல்லிய பல பூச்சுகள் தடித்த ஒரு பூச்சைவிட நெடுநேரம் நிற்கும். வீட்டிலிருந்து இறங்கியதும் பலகையின் வெப்பம் தணியச் சிறிது நேரம் வெளியே வைத்த பின்னரே பயன்படுத்துங்கள். வழியில் கால் பின்னால் வழுக்கினால் இன்னொரு பூச்சு கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் பூச்சைச் சற்று முன்னோக்கி நீட்டுங்கள். அதற்குப் பிறகே குளிர் குறைந்த நிலைக்குரிய, மென்மையான மெழுகின் நிறத்துக்கு மாறுங்கள். மாறாகப் பனி அடியில் கட்டியாக ஒட்டினால் மெழுகு மிக மென்மையானது. சுரண்டி எடுத்துவிட்டுக் கடினமானதைப் பூசுங்கள். மென்மையானதன்மேல் கடினமானதைப் பூசினால் அது நிற்காது.

உருகி மீண்டும் உறைந்த பனியில், குறிப்பாக ஈஸ்டர் கால மலைப்பயணத்தில், இந்த மெழுகு விரைவில் உரிந்துவிடும். அங்கே உதவுவது பசைபோன்ற கிளிஸ்டர். நோர்வேயின் பீட்டர் ஓஸ்ட்பி 1913இல் காப்புரிமை பெற்றது இதற்குத்தான். அது கைக்கும் பைக்கும் உடுப்புக்கும் பரவும் என்பதால் ஒரு பழந்துணியையும் எடுத்துச் செல்லுங்கள்.

நடுவில் மீன்செதில் வடிவம் வெட்டப்பட்ட பலகைக்குப் பிடி மெழுகு வேண்டாம். பனி ஒட்டாதிருக்கத் திரவ மெழுகை மட்டும் தடவுங்கள். பனியைப் பற்றுவதற்காக நடுவில் ரோமப்பட்டை பதித்த பலகையில் அயன் பெட்டியைப் பட்டையருகே கொண்டுபோகவே கூடாது.

கல்லில் உரசி ஏற்பட்ட கீறலில் பொலிஎதிலீன் குச்சியை உருக்கி நிரப்பி, ஆறியபின் மட்டமாகச் சுரண்டலாம். உள்ளிருக்கும் மரம் தெரியுமளவு ஆழமான காயத்தைக் கடையில் கொடுப்பதே நல்லது. உருக்கு விளிம்புள்ள பலகையை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் துடைத்து உலர்த்தாவிட்டால் துருப்பிடிக்கும்.

பருவம் முடிந்ததும் பிடி மெழுகையும் கிளிஸ்டரையும் முற்றாக அகற்றி, சறுக்கும் பகுதிகளில் தடிப்பாக மெழுகிட்டு, சுரண்டாமல் விட்டுவிடுங்கள். அந்தப் படை கோடையில் அடிப்பரப்பைக் காக்கும். பலகைகளை இறுக்கிக் கட்டினால் நடுவளைவு தளரும் என்பதால் தளர்வாகவே கட்டுங்கள். நினைவுக்காக இங்கே கொண்டுவருபவர்கள் தகரக் கூரையின் கீழுள்ள பரணில் அவற்றை வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் மென்மையான மெழுகு இளகி ஓடும். நிழலான உள்ளறையில், சுவரோரம் கிடையாக வையுங்கள்.