வேலூரில் இருந்தபடி வங்கக்கடலைப் படிப்பது எப்படி? முதன்முறை பார்ப்பவர்களுக்கு

நம் ஊருக்கும் கடலுக்கும் நடுவே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் அங்கே உருவாகித்தான் இங்கே வருகிறது. காட்பாடிப் பக்கம் எங்கள் மாமா செங்கல் சூளை வைத்திருக்கிறார். பச்சைக்கல் அறுத்துக் காயப்போட்ட நேரத்தில் அரை மணி நேர மழை போதும். துளி விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழியாகி, ஓரம் கரைந்து, அந்த வரிசை முழுவதும் திரும்ப மண்ணாகிவிடும். "நாளைக்குத் தார்ப்பாய் போடணுமா, வேணாமாடா?" என்று அவர் கேட்கும் கேள்விக்காகத்தான் கடல் வானிலையைப் பார்க்கத் தொடங்கினேன். மல்லாட்டை காயவைப்பவர்களுக்கும் நெல் அறுப்பவர்களுக்கும் இதே கேள்விதானே. செயலியை எப்படி நிறுவுவது என்பதையெல்லாம் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: முதலில் அறிக்கை, அப்புறம் படம்

வண்ணப் படத்தில் தொடங்காதீர்கள். இந்திய வானிலைத் துறையின் டெல்லி புயல் எச்சரிக்கை மையம் வங்கக்கடலுக்கும் அரபிக்கடலுக்கும் சேர்த்து நாள்தோறும் ஒரு கண்ணோட்ட அறிக்கை வெளியிடுகிறது. எழுத்தும் அட்டவணையுமாக, பார்க்க வறட்சியாக இருக்கும். அடுத்தடுத்த நாட்களில் தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. 1 முதல் 33 சதவீதம் என்றால் குறைவு, 34 முதல் 67 வரை மிதமானது, 68க்கு மேல் அதிகம். 'இல்லை' என்று இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அன்றைய வேலையைப் பாருங்கள். 'மிதமானது' என்று வந்த நாளிலிருந்து கீழே உள்ள படிகளைத் தொடங்கினால் போதும்.

படி 2: நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கடல் அறிக்கைகளும் செயற்கைக்கோள் படங்களும் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 00 மணி என்றால் நமக்கு விடியற்காலை 5.30, 03 என்றால் காலை 8.30, 12 என்றால் மாலை 5.30. பிரச்சினை தருவது 18.30க்குப் பிறகு வரும் நேரங்கள். நவம்பர் 30ஆம் தேதி 20 மணி என்று போட்டிருந்தால் நமக்கு அது டிசம்பர் 1ஆம் தேதி அதிகாலை 1.30. மணியோடு தேதியும் மாறும். காற்றையும் மழையையும் வரைபடத்தில் காட்டும் விண்டி செயலி தானாகவே நம் நேரத்தைக் காட்டும். அதில் பார்த்த நேரத்துக்குத் திரும்பவும் ஐந்தரை மணி நேரம் கூட்டிவிடாதீர்கள்.

மழை அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30க்கு முடிகிறது. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. பட்டியலில் அது டிசம்பர் 2 என்று இருக்கும். ஆனால் அது டிசம்பர் 1 காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்த மழை. மாடல் (வானிலையைக் கணினியில் முன்கூட்டிக் கணிக்கும் முறை) காட்டிய மழையையும் பெய்த மழையையும் ஒப்பிடும்போது இதை மறந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

படி 3: பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம்

காற்றின் வேகம் 17 நாட் தொட்டால் தாழ்வு மண்டலம், 28 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 34 தொட்டால் புயல். பெயர் வைப்பது அதற்குப் பிறகுதான். ஒரு நாட் என்பது 1.852 கிலோமீட்டர், ஆகவே 34 நாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 63 கிலோமீட்டர். இந்த வகைப்பாடு முழுக்கக் காற்றை வைத்தது. மழை எவ்வளவு வரும் என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

2021 நவம்பர் 19 அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது வெறும் தாழ்வு மண்டலம். அதற்குப் பெயரே இல்லை. பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்ததும், பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதும் அந்த மழையில்தான். "புயல் இல்லையாம், தாழ்வுதானாம்" என்று யாராவது சொல்லிக் கேட்டால் எனக்குப் பதறுகிறது.

படி 4: 13 டிகிரி கோட்டை மனதில் வையுங்கள்

இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான். கடலில் தாழ்வு இருக்கிறது, செய்தியில் சிவப்பு எழுத்தில் ஓடுகிறது, வேலூரில் மட்டும் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. விடை காற்றின் திசையில் இருக்கிறது.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் நம் பாதி உலகத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சக்கோட்டில் இருக்கிறது. தாழ்வின் மையம் அந்தக் கோட்டுக்குத் தெற்கே, அதாவது புதுச்சேரி, கடலூர் பக்கம் கரையேறினால், அதன் வடபுறத்தில் இருக்கும் நமக்குக் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ கடல் காற்று வரும். ஈரம் நேராக உள்ளே வந்து ஜவ்வாது மலையில் மோதி மேலே ஏறும். மையம் வடக்கே நெல்லூர், பாபட்லா என்று போனால் நமக்கு மேற்குக் காற்று. அது நிலத்தைத் தடவி வரும் காய்ந்த காற்று. மையம் நேர் கிழக்கே கடலில் நின்றால் வடக்குக் காற்று, அதுவும் ஆந்திர நிலத்தின் மேலாகத்தான் வருகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்கு அருகே கடலில் நகர்ந்து, 5ஆம் தேதி பாபட்லா அருகே கரையேறியது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது, நம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. மறு ஆண்டு ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே மணிக்கணக்கில் நின்று, பிறகு மெதுவாக மேற்கே நகர்ந்தது. திருவண்ணாமலையும் கிருஷ்ணகிரியும் என்ன பாடுபட்டன என்று எல்லோருக்கும் தெரியும்.

செய்முறை இதுதான். விண்டியில் காற்று அடுக்கைத் திறந்து, அழுத்தக் கோடுகளைப் போட்டு, உயரத்தை 850 ஹெக்டோபாஸ்கல் என்று மாற்றுங்கள். அது தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம், கட்டடமும் குன்றும் காற்றை அவ்வளவாகக் குழப்பாது. பிறகு வேலூர் மேல் விரலை வைத்து, காற்றுக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று பின்னால் போய்ப் பாருங்கள். கடலைத் தொடுகிறதா, நிலத்திலேயே சுற்றுகிறதா? அவ்வளவுதான்.

செயலி இல்லாமலும் ஓரளவு சொல்லலாம். மொட்டை மாடிக்குப் போய், தாழ்வான மேகங்கள் எந்தப் பக்கமிருந்து வருகின்றனவோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழ்வின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பைஸ் பாலட் என்ற டச்சு அறிவியலாளர் சொன்ன விதி இது. மேகம் கிழக்கிலிருந்து ஓடினால் மையம் தெற்கே. உடனே தார்ப்பாயை எடுங்கள்.

படி 5: இரண்டு மாடல், இரண்டு வேளை

என் தேர்வு ஐரோப்பிய மாடல். அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்பதைவிட, காலைக் கணிப்புக்கும் மாலைக் கணிப்புக்கும் நடுவே ஒரே மாடல் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பாருங்கள். வேளைக்கு வேளை கடலூர், நெல்லூர் என்று தாவினால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. வாட்ஸாப்பில் தேதி இல்லாமல் வரும் பாதைப் படங்களைத் திறக்கவே வேண்டாம்.

படி 6: அலை உயரம், கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம், புதுச்சேரி என்று கிளம்பும் பிள்ளைகள் இதை அவசியம் படிக்க வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பு தருகிறது. அதில் 2 மீட்டர் அலை என்று இருந்தால், அது அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒற்றை அலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எழும்பலாம்.

அலையின் கால இடைவெளியையும் பாருங்கள். 5, 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்றில் எழுந்த அலை. 15 விநாடிக்கு மேல் என்றால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து வந்தது. இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். கரையில் வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படிப்பட்ட நாளில்தான் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். எச்சரிக்கை அமலில் இருந்தது. வெயிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இன்காய்ஸைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பின்னர் சேர்த்தது: ஆற்காட்டு வாசகர் ஒருவர், காற்றின் வேகம் ஆங்கில அறிக்கையில் 30 என்றும் தமிழில் 55 என்றும் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தார். இரண்டும் சரிதான். ஒன்று நாட், மற்றது மணிக்கு கிலோமீட்டர்.

இன்னொன்று: குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி, சென்னை ரேடார் படத்தில் எதுவுமே இல்லாதபோது வீட்டு வாசலில் தூறல் விழுகிறது என்று எழுதியிருந்தார். பூமி வளைவதால் தொலைவு கூடக் கூட ரேடாரின் கதிர் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகும். வேலூர் வருவதற்குள் அது ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும், குடியாத்தத்தில் இன்னும் மேலே. அதற்குக் கீழே இருக்கும் மெல்லிய மேகத்தின் தூறல் படத்தில் விழாது. கனமழை மேகங்கள் உயரமானவை, அவை தப்பாமல் தெரியும். ஆகவே நம் பக்கத்துக்கு ரேடாரைப் பெருமழை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூறலுக்கு மேகத்தின் திசையே போதும்.